ஏழாவது கேள்வி

பெயர் அட்டையில் சென்னியப்பன் என்றும் அதற்குக் கீழே வெற்றிப் பெற்றோர் என்றும் எழுதிச் சட்டைப் பையில் குத்திவிட்டிருக்கிறார்கள், ஒற்றை ஆள் எப்படிப் பெற்றோர் ஆவான், என் மனைவி ரத்தினாள் இருந்திருந்தால் அவளுக்கும் ஒன்று குத்தியிருப்பார்கள், அவள் போய் நான்கு வருடமாகிறது, இந்த அட்டையைப் பார்த்தால் இதென்னங்க கோழிப் பண்ணைப் பரிசாட்டம் இருக்குது என்று கழற்றிப் பைக்குள் போட்டிருப்பாள். நான் கழற்றவில்லை. குத்திய பெண் அவ்வளவு மரியாதையாகக் குத்தினாள். ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி, அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலிக்கு ஓர் ஆலோசகரோ சமூகப் பணியாளரோ, பாதிப்பேர் என் மகளைவிடச் சின்னவர்கள். தத்து எடுத்த வீடுகளுக்கும் வளர்ப்புக்குப் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகளுக்கும் போய்ப் பக்கத்தில் நிற்பது எப்படி என்று சென்னையிலிருந்து வந்த ஓர் அறக்கட்டளை இவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறது. தேநீர் இடைவேளை முடிந்ததும் நான் பேச வேண்டும். பத்து நிமிடம். பேச வேண்டியதைக்கூட அவர்களே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார்கள், தாள் என் கையில் வியர்வையில் நனைந்துகொண்டிருக்கிறது. வெங்காய போண்டா வாசனை படியேறி வருகிறது, எல்லோரும் கீழே போய்விட்டார்கள், பயிற்சிக்கு வந்த தமயந்தி என்ற பெண் மட்டும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படிவத்தில் கூட்டலைச் சரிபார்க்கிறாள், எத்தனை முறை கூட்டினாலும் நாற்பத்தாறுதான் வரும், அதுதான் அவளுக்கும் போண்டா இறங்கவில்லை. காலையில் அவள்தான் எழுந்து ஒரு கேஸ் படித்தாள். கேஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஒன்பது வயதுப் பெண், பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் முதலெழுத்து மட்டும், குழந்தை நா. எட்டு மாதமாகப் பெருந்துறைப் பக்கம் ஒரு கணவன் மனைவியிடம் வளர்கிறாள். சாப்பாட்டுக்கு இத்தனை மார்க், தூக்கத்துக்கு இத்தனை, பள்ளிக்கூடத்துக்கு இத்தனை என்று படித்துக்கொண்டே வந்தவள் ஏழாவது கேள்விக்கு வந்ததும் தொண்டையைச் செருமினாள். குழந்தை வளர்ப்புத் தாயை அம்மா என்று அழைக்கிறதா, எந்த நாளிலிருந்து? முப்பது மார்க் கேள்வி. தமயந்தி பூஜ்யம் போட்டிருந்தாள். கூப்பிடவில்லை, ஒரு தடவைகூட, எட்டு மாதத்தில். மொத்தம் நாற்பத்தாறு, ஐம்பதுக்குக் கீழே போனால் இணக்கமின்மை, குழந்தைகள் இல்லத்துக்குத் திருப்பி அனுப்பப் பரிந்துரை. இரண்டு மணிக்குள் அறிக்கை போக வேண்டும், மூன்று மணிக்குக் கமிட்டி. பயிற்சி கொடுக்கும் ரெஜினால்டு சார் கை தட்டினார், தயங்காம மார்க் போட்டீங்க பாருங்க, அதுதான் புரொஃபஷனல் என்றார், அறுபது பேரும் தட்டினார்கள், நானும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன், பழக்க தோஷம், கூட்டத்தில் யாராவது தட்டினால் கை தானாகப் போகிறது. அந்த இரண்டு தட்டுத்தான் இப்போது உள்ளங்கையில் எரிகிறது.

திருப்பி அனுப்புவது. முப்பத்தொரு வருடம் குடிநீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவன் நான், எத்தனையோ வால்வு, எத்தனையோ மீட்டர், சரியில்லை என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் வைக்கோல் வைத்து ஆணி அடிக்கும்வரை கூட நின்றிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு என்ன வைத்து அனுப்புவார்கள்? இரண்டு செட் துணி, ஒரு பென்சில் டப்பா. அவள் என்னமோ தப்பு செய்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு போவாள், யாரும் சொல்லமாட்டார்கள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருக்கலாம் கண்ணு என்று. ஒருவேளை சொல்வார்கள், அது இன்னும் மோசம். அந்தக் கேள்விக்கு ஏன் முப்பது மார்க் என்று தமயந்தியே காலையில் கேட்டாள், நல்ல பெண், கேட்டுவிட்டாள், சார் மற்றதுக்கெல்லாம் பத்து, இதுக்கு மட்டும் ஏன் சார் முப்பது? ரெஜினால்டு சார் சிரித்துக்கொண்டே கையேட்டில் பன்னிரண்டாம் பக்கம் எடுங்க என்றார். எல்லோரும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். கட்டம் கட்டி, பூ வரைந்து, ஒரு வெற்றிக் கதை. ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொழிலாளித் தம்பதியிடம் வந்த ஆறு வயதுக் குழந்தை, வந்த அன்றே, வாசற்படி ஏறும்போதே, அம்மா என்று அழைத்தது, இன்று அந்தக் குழந்தை பட்டதாரி. இந்தக் கதையிலிருந்துதான் ஏழாவது கேள்வியே பிறந்தது, அழைப்புத்தான் பிணைப்பின் முதல் அடையாளம் என்று சார் சொல்லச் சொல்ல நான் வாசற்படி என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசற்படி எனக்குத் தெரியும். சிமெண்டு பெயர்ந்த படி, வாரியம் கொடுத்த வீடு, தொட்டிக்கு அடியில், எப்போதும் ஈரம். அந்தத் தொழிலாளி நான். அந்தக் குழந்தை பியூலா. அவள் அம்மா என்று கூப்பிடவே இல்லை. அன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை.

பியூலா என்ற பெயர் இல்லத்தில் வைத்தது. நம்ம சாதிசனத்துல இப்படி ஒரு பேரா, மாத்தீருங்க என்று என் தம்பி பெண்டாட்டி ஒற்றைக் காலில் நின்றாள், ரத்தினாள் மாற்றவில்லை, ஆறு வருசம் அந்தப் பேரைச் சொன்னா திரும்பிப் பாத்த புள்ளைங்க, இனிமே வேற பேருக்குத் திரும்புன்னா கழுத்து சுளுக்கிக்கும் என்று சொல்லிவிட்டாள். பிள்ளை எங்களை எப்படிக் கூப்பிடுவது என்று இரண்டு நாள் யோசித்தது. யோசிப்பது முகத்தில் தெரிந்தது. மூன்றாம் நாள், ரத்தினாள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அதையே எடுத்துக்கொண்டது. ஏனுங்க. என்னையும் ஏனுங்க, அவளையும் ஏனுங்க. கொல்லைப்புறத்திலிருந்து ஏனுங்க என்று சத்தம் வந்தால் இருவரும் என்ன என்போம், உங்களை இல்லைங்க, அவங்களை என்று கை காட்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள், இதென்ன மாமியார் ஊட்டுக்கு வந்த மருமகளாட்டம். சிரிக்கட்டும். இரண்டாம் நாள் சாயங்காலம் நான் ஷிப்டுக்குக் கிளம்பிச் சைக்கிளைத் தள்ளும்போது பின்னாலேயே வந்து ரத்தினாளைக் காட்டிக் கேட்டது, இவங்க டியூட்டி எப்ப முடியும், நைட் அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க? எனக்கு முதலில் புரியவில்லை. அங்கே, இல்லத்தில், அம்மா என்றால் வேலை. காலை அம்மா, நைட் அம்மா, லீவுக்குப் பதிலாக வரும் அம்மா. வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போவார்கள். நான் சைக்கிளை நிறுத்தி, கண்ணு, எனக்குத்தான் ஷிப்டு, அவங்களுக்கு ஷிப்டு கிடையாது என்றேன். அது நம்பவில்லை. அந்த வாரம் முழுக்கச் சாயங்காலமானால் வாசலில் போய் நின்று தெருவைப் பார்க்கும், மாற்று ஆள் வருகிறாளா என்று. அதை ரத்தினாள் உள்ளேயிருந்து பார்ப்பாள். அரிசி களைந்துகொண்டே பார்ப்பாள்.

ஆக, அம்மா என்று கூப்பிடாததுதான் அந்தப் பிள்ளை எங்களுக்குக் கொடுத்த மரியாதை என்று எனக்கு விளங்கவே பல வருடம் ஆனது. அதைக் கேள்வித்தாளில் எப்படி எழுதுவது? தொட்டியிலிருந்து காய்ந்த குழாயில் தண்ணீர் திறந்தால் முதலில் காற்றுத்தான் வரும், புஸ் புஸ் என்று, பைப்புக்கு முன்னால் குடத்தோடு நிற்கிறவர்கள் தண்ணி இல்லை என்று திருகி மூடிவிட்டுப் போய்விடுவார்கள், தண்ணீர் பாதி வழியில் வந்துகொண்டிருக்கும். இதைச் சொல்லலாமா மேடையில்? சொன்னால் கை தட்டுவார்கள். கை தட்டுகிற மாதிரி எதையும் சொல்லக் கூடாது. இல்லை, குழந்தை நாவுக்குக் காரணம் வேறாக இருக்கலாம், எனக்கென்ன தெரியும், அவளைப் பெற்றவள் எங்கேயாவது உயிரோடு இருக்கலாம், அந்தச் சொல் ஏற்கெனவே ஒருத்திக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம், ஒரே ஒரு சொல்தான் கையில் இருக்கிறது, அதையும் பிடுங்கி முப்பது மார்க்குக்குக் கொடு என்றால் எப்படி? கொடுக்கமாட்டேன் என்கிறாள். சரிதான் கண்ணு. கொடுக்காதே.

பொய் சொன்னது ரத்தினாள். அதையும் நினைத்துத்தான் ஆகவேண்டும், இந்தத் தாளில் அந்தப் பொய்தான் தட்டச்சு ஆகியிருக்கிறது, நான் வாய் திறந்து படித்தால் இரண்டாவது தடவை சொன்னதாகிவிடும். பியூலா வந்த மூன்றாவது மாதம் பிள்ளை எங்களிடம் ஒட்டிவிட்டதா என்று விசாரிக்க ஓர் அம்மாள் வந்தார், மொபெட்டில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்தார். எல்லாம் கேட்டார். பிறகு, உங்களை அம்மான்னு கூப்பிடறாளா என்று கேட்டுவிட்டு ரத்தினாள் முகத்தைப் பார்த்தார். பியூலா பக்கத்தில்தான் நின்றாள், கதவைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலால் மற்றக் காலைத் தேய்த்துக்கொண்டு. ரத்தினாள் யோசிக்கவே இல்லை. வந்த அன்னைக்கே கூப்பிட்டாளுங்க, வாசற்படி ஏறையிலயே கூப்பிட்டாளுங்க. காய்காரனிடம் அழுகின வெண்டைக்காயை நல்லதென்று சொல்லத் தெரியாதவள். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். அந்த அம்மாள் எழுதிக்கொண்டார், எழுதும்போது அவர் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது, பாவம். மொபெட் சத்தம் தெருமுனை தாண்டியதும் பியூலா சொன்னாள், ஏனுங்க, நீங்க பொய் சொன்னீங்க. ஆமா, நாளைக்கு வந்து கேட்டா நாளைக்கும் சொல்லுவேன், போயிக் கையக் கழுவு என்றாள் ரத்தினாள். பிள்ளை கை கழுவப் போனது. அங்கே தொட்டியடியில் அது தனியாகச் சிரித்த சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அது சிரித்தது அதுதான் முதல். அந்தச் சிரிப்பை யாரும் கையேட்டில் போடவில்லை.

ஆனால் ரத்தினாளுக்கு ஆசை இருந்ததா? இங்கேதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் நூல் சிக்கிக்கொள்கிறது. கோபி பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள், பியூலாவுக்குப் பத்து வயது, கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு நிற்கிறோம், பின்னால் எதோ ஒரு பிள்ளை அம்மா என்று கத்தியது, ரத்தினாள் சட்டென்று திரும்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டதைப் பார்த்தாள். திரும்புனது கழுத்துத்தானுங்க, நான் இல்ல என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை, முப்பது வருடத்துக்கு மேல் ஒரே கூரைக்குள் இருந்தும் எடுக்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் அழுதிருப்பாளோ என்று பயம். அழுதால் பியூலா காதில் விழுமோ என்று அடுத்த பயம். இப்போது மேடையில் போய் என் மனைவி பொய் சொன்னாள் என்றால், அவள் மறைத்து வைத்ததையும் சேர்த்து நான் அறுபது பேருக்கு அவிழ்த்துக் காட்டுவதாக ஆகாதா? ஆகும். கடைசியில் ஆஸ்பத்திரியில், கிட்னிக்காகப் படுத்திருந்தபோது, நர்ஸ் பியூலாவிடம் நீங்க பேஷண்டுக்கு என்ன உறவு என்றாள், மகள் என்றாள் பியூலா, சொல்லிவிட்டுக் குனிந்து, ஏனுங்க, ஒரு வாய் தண்ணி குடிக்கிறீங்களா? நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சார், அவங்க நெசமாலுமே மகளா என்று கேட்டாள். ரத்தினாளை எடுத்த அன்று என் தம்பி பெண்டாட்டி எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தாள், செத்த பொறவாவது அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லி அழுகக் கூடாதா சாமி, அந்தக் கட்டை வேகோணுமல்ல? பியூலா கண்ணைத் துடைக்கவில்லை, அழுதிருந்தால்தானே துடைக்க, அவங்களுக்கு நான் யாருன்னு தெரியும் சித்தி, உங்களுக்குத் தெரியாட்டிப் போகுது என்றாள். எனக்கு அந்த இடத்திலும் ஒரு பெருமை வந்தது, வரக் கூடாத நேரத்தில். ரத்தினாளின் வாய் அது. அச்சு அசல். ரத்தமாவது ஒன்றாவது.

இடைவேளை ஆரம்பித்ததும் பியூலாவுக்குப் போன் செய்தேன், கோயம்புத்தூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, எடுக்க நேரமாகும். ஏனுங்க, சாப்பிட்டீங்களா, என்ன இந்நேரத்துல என்றாள். விசயத்தைச் சொன்னேன். அந்தப் பொய் புத்தகத்துல அச்சாயிருக்குது கண்ணு, அதை வெச்சு இன்னொரு புள்ளையத் திருப்பி அனுப்பறாங்க. அவள் பக்கம் ஏதோ மெஷின் சுற்றும் சத்தம். எத்தனை வயசு? ஒம்பது. மெஷின் நின்றது. ஒடைச்சுப் போடுங்க என்றாள். உன் கதையுமல்லோ வெளிய வரும், பேர் சொல்லலீன்னாலும். வரட்டும், நான் என்ன கொலையா பண்ணினேன், கூப்பிடலை, அவ்வளவுதான, சொல்லுங்க. ஆனா அம்மா மேல எனக்குப் பாசம் பொங்குச்சு அது இதுன்னு சேத்தாதீங்க, அது அவங்களுக்கும் எனக்கும் உள்ளது. சரி. மைக்க ரெண்டு கையிலயும் புடிக்காதீங்க, ஐஸ் திங்கற மாதிரி இருக்கும். வைத்துவிட்டாள். பேச்சுக்கு நடுவில் அம்மா மேல என்று சொன்னாளே, கவனித்தேன், என்னிடம் பேசும்போது அப்படித்தான் சொல்வாள், அம்மா இதைச் செய்வாங்க, அம்மா அதை வெச்சிருந்தாங்க. நேரில் கூப்பிட மட்டும் அந்தச் சொல் இல்லை. இதற்கு எத்தனை மார்க் சார்?

கூட்டம் மேலே வந்துவிட்டது, நாற்காலி இழுபடும் சத்தம், ரெஜினால்டு சார் பக்கத்தில் வந்து தோளில் கை வைக்கிறார், நல்ல மனிதர்தான், உள்ளங்கை சூடாக இருக்கிறது. அய்யா, ரெடியா, பத்து நிமிஷம், பாசிட்டிவா பேசுங்க, நெகட்டிவ் வேண்டாம். என் மகள் வேலை செய்கிற இடத்தில் பாசிட்டிவ் என்று வந்தால் யாரும் கை தட்டுவதில்லை என்று சொல்ல வருகிறது, சொல்லவில்லை. முழங்கால் வலிக்கிறது. பொய் சொல்லித் தத்து வைத்துக்கொண்டதற்கு ஏதாவது கேஸ் ஆகுமா, இத்தனை வருடம் கழித்து? ஆகட்டும். எழுபத்தோரு வயதில் என்னைப் பிடித்து எந்த இல்லத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள்? மூன்று படி. மைக் உயரமாக இருக்கிறது, யாரோ வந்து திருகித் தாழ்த்துகிறார்கள், க்ரீச் என்று ஒரு சத்தம், அறுபது முகம். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தேன். ரத்தினாள், மன்னித்துக்கொள், இல்லை, மன்னிக்க ஒன்றும் இல்லை, நீ அன்றைக்கு யோசிக்காமல் சொன்ன மாதிரி நானும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கறது பொய்யிங்க, என்றேன். சொன்னது என் சம்சாரம் ரத்தினாள். பக்கத்துல நின்னு தலையாட்டுனவன் நான். எங்க புள்ளை ஒரு நாளும் அவளை அம்மான்னு கூப்பிட்டதில்லீங்க. பயத்துல சொன்ன பொய். இந்தக் கேள்வியை யார் வந்து கேட்டாலும் வளக்கறவங்க பொய்தான் சொல்லுவாங்க, நெசத்தைச் சொல்றவங்க புள்ளைய இழந்துருவாங்க, இப்ப பெருந்துறைல அதுதான் நடக்குது.

எங்கோ ஒரு பேனா விழுந்து உருண்டது. ரெஜினால்டு சார் எழுந்து, அய்யா எமோஷனலா இருக்காரு, கொஞ்சம் தண்ணி குடுங்க என்றார். தண்ணி நெறையக் குடுத்திருக்கறனுங்க, அதுதான் என் உத்தியோகமே, என்றேன், யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். பிறகு மைக்கில் சத்தம் போய்விட்டது. நிறுத்தினார்களோ தானாக நின்றதோ, எனக்குத் தெரியாது. மோட்டார் ஓடும் அறையில் முப்பத்தொரு வருடம் பேசிப் பழகிய தொண்டை இது, மைக் எதற்கு? அம்மிணி தமயந்தி, எந்திரிச்சு நில்லு கண்ணு, என்றேன். எழுந்தாள். அந்தப் புள்ளை வளக்கற அம்மாளை என்னன்னுதான் கூப்பிடுது? அவள் ரெஜினால்டு சாரைப் பார்த்தாள், பிறகு என்னை. ஒண்ணும் கூப்பிடறதில்லைங்கய்யா, என்றாள். அவங்க தறிக்குப் போயிட்டு அஞ்சரை பஸ்ஸுக்கு வர்றாங்க, இவ அஞ்சு மணிக்கே போயி ஸ்டாப்புல நிக்கறா. மழை வந்தா? மழைலயும் நிக்கறாளாம், போன வாரம் நனைஞ்சு காய்ச்சல் வந்துதுன்னு அவங்களே திட்டினாங்க. பஸ்ஸைவிட்டு எறங்குனதும் என்ன பண்ணுது? பைய வாங்கிக்கறா, வாங்கிட்டு முன்னால நடந்துருவா, பேச மாட்டா. இதை ஏன் காத்தால படிக்கல? தமயந்தி படிவத்தைத் தூக்கிக் காட்டினாள், இதுக்குக் கட்டம் இல்லைங்கய்யா.

இல்லீன்னா போடு, என்றேன். நாங்க போடக் கூடாதுங்க. தமயந்தி, பிளீஸ் சிட் என்றார் ரெஜினால்டு சார், பிறகு என்னிடம், அய்யா, ஃபார்மட்டை ஒரு ஆளு மாத்த முடியாது, இது ஆராய்ச்சி பண்ணி வந்தது. எந்த ஆராய்ச்சிங்க, எங்க ஊட்டு மோரைக் குடிச்சுட்டு எழுதுனதுங்களே, அதுங்களா? தப்பு அவருடையது மட்டுமில்லை, அது எனக்குத் தெரியும், அவர் முகம் சிவந்ததில் எனக்குச் சந்தோசமும் இல்லை. ஆனால் இறங்குவதாக இல்லை. ஒரு நாற்காலி குடுங்க, முட்டி வலிக்குது, என்றேன், கமிட்டி மூணு மணிக்குத்தான, நான் இங்கயே உக்காந்திருக்கறேன், போலீசைக் கூப்பிடறதுன்னாலும் கூப்பிடுங்க. முன்வரிசையிலிருந்த ஒரு தாடிக்காரர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டார். உட்கார்ந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. அறுபது பேரும் தமயந்தியைப் பார்த்தார்கள். அவள் உட்காரவில்லை. படிவத்தைக் கையேட்டின் மேல் வைத்து, ஏழாவது கேள்வியின் மேல் ஒரு கோடு இழுத்தாள், பிறகு பக்கத்துப் பெண்ணிடம் கையை நீட்டி, ஸ்கேல் இருக்கா என்றாள்.

கையாலயே போடு அம்மிணி, என்றேன், கோணலா வந்தா வந்துட்டுப் போகுது.